லெட்சுமியின் பிள்ளைகளைக் கப்பலேற்றிய கதை

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு. வளர்த்தது எத்தனை என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. இலங்கை மலைநாட்டில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நாற்பது வருடம் ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கிற தாய்மார் விடியற்காலை பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்னால் பிள்ளையை என் கையில் போட்டுவிட்டு மலை ஏறுவார்கள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்வார்கள். அதற்கு ஒரு துண்டுக் கடதாசி யாரும் கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை. ஒரு பிள்ளையைக்கூட நான் தொலைத்ததில்லை. ஆள் மாற்றிக் கொடுத்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வருகிற காரியத்தைக் கேட்டுவிட்டு யாரும் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைக்கக் கூடாது.

என் தங்கச்சி சரசு திருச்சிப் பக்கம் இருக்கிறாள். எங்கள் ஆட்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் போனவள். அவளுடைய பேரனுக்குக் காது குத்து. "இப்பதான் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுதே அக்கா, ஏறி வந்துரு" என்று போனில் சொன்னாள். துணைக்கு என் பேத்தி அனுஷியா. பதினான்கு வயது. சிங்களமும் இங்கிலீஷும் வாசிப்பாள்.

இதோடு நின்றிருந்தால் ஒரு கதையும் இல்லை. எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் லெட்சுமியின் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரியாவுக்குப் பதினொன்று, தேனுகாவுக்கு ஏழு. லெட்சுமி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் இரண்டு வருடம். தகப்பன் சிவா பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறான். லெட்சுமியும் என் காம்பராவில் தொட்டிலில் கிடந்தவள்தான். அவளுடைய பிள்ளைகள் பாதி நேரம் என் அடுப்படியில்தான் இருப்பார்கள்.

ஒரு நாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது தேனுகா கேட்டாள்:

"ஆயாம்மா, கப்பல் நம்ம லயத்த விட நீளமா?"

"வந்து பாத்துக்க" என்றேன்.

பீலியில் அப்போது எட்டுப் பத்துப் பெண்கள் வாளியோடு நின்றார்கள். பீலியடியில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. மாலைக்குள் தோட்டம் முழுக்க, "ஆயாம்மா லெட்சுமி புள்ளைங்களையும் கப்பல்ல கூட்டிட்டுப் போறாங்களாம்" என்று ஆகிவிட்டது. சிவாவும் சம்மதித்தான். லெட்சுமி வெளிநாடு போகும் முன்பே, என்றைக்காவது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைகளுக்கும் பாஸ்போட் எடுத்து வைத்திருந்தாள்.

பிறகுதான் கடதாசி வந்தது. அடுத்தவர் பிள்ளையைக் கடல் கடந்து கூட்டிப்போக வேண்டுமென்றால் தாயும் தகப்பனும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். சமாதான நீதவான் அதில் முத்திரை குத்த வேண்டுமாம். அடுத்தவர் பிள்ளைக்கு மட்டுமல்ல, என் பேத்திக்கும்தானாம். என் வயிற்றில் பிறந்த மகன், அவன் பிள்ளையைக் கூட்டிப்போக எனக்கு அனுமதி தர வேண்டும்!

"அம்மா, நல்லா கேட்டுக்குங்க. ஒழுங்கா நடந்துக்கிட்டாதான் அனுமதி" என்று அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"போடா, வைடா கையெழுத்த. ஒம் பொண்டாட்டி வெச்சு முடிச்சிட்டா."

பதுளை டவுனில் சமாதான நீதவான் வீட்டுக்கு சிவா லொறியிலேயே கூட்டிப்போனான். அவன் கையெழுத்து வைத்தான். நீதவான் ஐயா முத்திரை குத்திவிட்டு, "தாய்ட இடம் வெறுமையா இருக்கு, அதையும் நிரப்பிக்கணும்" என்று சொல்லி, உறை எடுக்க உள்ளே போனார். சிவா லொறியைத் தள்ளி நிறுத்த வெளியே ஓடினான். மேசையில் நானும் கடதாசியும் மை பெட்டியும் மட்டும்.

நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். பெருவிரலை மையில் ஒற்றி இரண்டு கடதாசியிலும் பளிச்சென்று வைத்தேன். ஐயா உறையோடு வந்ததும் நானே மடித்து உள்ளே போட்டுக்கொண்டேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில் பால் மா, திரிபோஷா மா, பூச்சி மருந்து எது வந்தாலும் புத்தகத்தில் ஒவ்வொரு தாயும் அடையாளம் வைக்க வேண்டும். தாய்மார் மலையில் நிற்பார்கள். மலையிலிருந்து இறங்கி வந்தால் அரைப் பேர் போய்விடும், அதாவது அரை நாள் கூலி. அதனால் ஆயா அவர்களுக்காகக் கைநாட்டு வைப்பாள். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். பாக்கியம் என்று ஐந்து எழுத்தும் விடாமல் எழுதுவேன். எனக்காக வைத்தால் கையெழுத்து, பிறருக்காக வைத்தால் பெருவிரல். அதுதான் எங்கள் வழக்கம். புத்தகத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து ஐயாவிடம் ஏச்சு வாங்குவது நான்தான். நாற்பது வருடம் ஒரு இடத்தையும் நான் வெறுமையாக விட்டதில்லை.

ஆகஸ்ட் லீவில் புறப்பட்டோம். கட்டசம்பலும் ரொட்டியும் சுருட்டி எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறின அரை மணியில் தேனுகா சாப்பிட்டதை எல்லாம் என் மடியில் கொடுத்துவிட்டாள். வழியில் ஒரு இடத்தில் டயர் போனது. எல்லோரும் இறங்கிப் புளிய மரத்தடியில் நின்றோம். பஸ் கண்டக்டர் சிங்களத்தில் டிரைவரோடு சண்டை. அனுஷியா சொன்னாள்: "மூணு நாளா டயர மாத்துன்னு இவரு சொன்னாராம். 'நீ மாத்தி இருக்கலாமே'ன்னு அவரு கேட்கிறாரு." வீட்டுச் சண்டைதான், பஸ்ஸில் நடந்தது, அவ்வளவுதான்.

மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்ததும் பிரியா ஜன்னலில் முகத்தை வைத்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஆயாம்மா, இங்க மேடே இல்லியே. மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை.

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு அம்மா வீட்டில் அறை எடுத்திருந்தோம். வாசலிலேயே நின்றார். "உள்ளுக்கு வாங்கோ அம்மா. பிள்ளையள் நல்லாக் களைச்சுப்போச்சினம்" என்றார். தேனுகா என் காதில், "இவங்க பேசுறது பாட்டு மாதிரி இருக்கு" என்றாள். இடியப்பமும் சொதியும் போட்டார். பனங்காய்ப் பணியாரம் ஒன்று கொடுத்தார் பாருங்கள், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. நாங்கள் நால்வரும் எத்தனை தின்றோம் என்று இங்கே சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை துறைமுகம். கப்பல் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று நின்றது. தேனுகா விரலை மடக்கி மடக்கிக் காம்பரா காம்பராவாக எண்ணிப் பார்த்தாள். "லயத்த விட நீளந்தான்" என்று ஒப்புக்கொண்டாள்.

வரிசை நகர்ந்து மேசைக்கு வந்தோம். மேசையில் ஒரு சிங்கள ஐயா. நடு வயது. தமிழ் பேசினார், கொஞ்சம் தட்டித் தட்டி. அனுஷியாவின் கடதாசியைப் பார்த்தார், சரி என்றார். மற்ற இரண்டையும் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பிள்ளைகளோட தாய் எங்க?"

"குவைத்துலங்க."

"எப்ப போனது?"

"ரெண்டு வருசமாச்சுங்க."

கடதாசியில் இருந்த தேதியைப் பார்த்தார். பெருவிரல் அடையாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப இது யார்ட விரல்?"

"என்னோடதுங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். மை கலங்காமல் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது.

அவர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து மேசையில் இருந்த பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அனுஷியா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். என்னவென்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்: "'இந்த அம்மா பொய் சொல்லல, அதுதான் தொல்லை. பொய் சொல்லியிருந்தா பொலிசுக்குக் குடுத்துட்டு நம்ம வேலையப் பாக்கலாம்'ங்கிறாரு, ஆயா."

பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நாப்பது வருசம் ஐயா! ஊரு புள்ளைய எல்லாம் இந்தக் கையிலதான் வளர்த்தேன். இதுங்களோட ஆத்தாளையும் நான்தான் வளர்த்தேன். என்னப் பாத்தா புள்ள புடிக்கிறவ மாதிரியா தெரியுது?" என்று சத்தம் போட்டுவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

அவர் கோபப்படவில்லை. "அம்மா, எனக்கு உங்கள தெரியாது. உங்கள தெரிஞ்சவங்க எல்லாம் மலையில இருக்கிறாங்க. நான் இங்க இருக்கிறேன். இந்தப் பேத்தி போகலாம், நீங்க போகலாம். இந்த ரெண்டு பேரும் தாய்ட கடிதம் இல்லாம போக ஏலாது" என்றார்.

தாய் குவைத்தில் உள்ள நம் தூதரகத்துக்குப் போய் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர்கள் முத்திரை போட்டு நேராக அவருடைய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி வந்தால் மூன்று நாள் கழித்து வருகிற கப்பலில் ஏற்றுவதாகச் சொன்னார். என் பெருவிரல் இருந்த இரண்டு கடதாசிக்கும் குறுக்கே கோடு போட்டார். மூன்று நாள் கழித்தென்றால் காது குத்து முடிந்துவிடும்.

ஒரு ஓரமாகப் போய் நின்றோம். தேனுகா கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியாதான் பேசினாள்.

"ஆயாம்மா, நீங்களும் அனுஷியா அக்காவும் போங்க. அப்பாவுக்குப் போன் பண்ணினா வந்து கூட்டிட்டுப் போவாரு. அதுவரைக்கும் தங்கச்சிய நான் பாத்துக்கிறேன்."

பதினொரு வயதுப் பிள்ளை. அழவில்லை. இரண்டு வருடமாக இப்படியே சொல்லிப் பழகிய குரல். அதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கடைசிப் புள்ளையோட ஆத்தா வந்து வாங்கிட்டுப் போற வரைக்கும் நான் காம்பராவப் பூட்டினதே இல்லடி. இன்னிக்கா பூட்டப்போறேன்?" என்றேன். "பையத் தூக்கு. வீட்டுக்கார அம்மாகிட்ட பணியாரம் மிச்சம் இருக்கும்."

கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது. நால்வரும் கரையில் நின்று கை காட்டினோம். கப்பலில் இருந்த ஆட்களும் யாரோ என்று தெரியாமலே கை காட்டினார்கள்.

அன்று மாலை லெட்சுமியைப் போனில் பிடித்தோம். முகம் தெரிந்தது. பின்னால் பெரிய குளிர்சாதனப் பெட்டி. நடந்ததைச் சொன்னேன். எனக்கு அவ்வளவு வெட்கம் எப்போதும் வந்ததில்லை. அவளோ சிரித்தாள்.

"நீங்க வெச்சா நான் வெச்ச மாதிரிதானே ஆயாம்மா. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"அப்படி இல்ல லெட்சுமி" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே ஒன்று நினைவுக்கு வந்தது. அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு மத்தியானம், நல்ல சட்டை போட்ட ஒருத்தன் காம்பரா வாசலில் வந்து நின்றான். "நான் இந்தப் புள்ளைக்கு மாமா, டவுனுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்றான். லெட்சுமி பெயரையும் சரியாகச் சொன்னான். "ஆத்தா வாயால சொல்லட்டும், தாறேன்" என்று அரைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். திட்டினான், கதவை உதைத்தான். நான் திறக்கவில்லை. மாலையில் அவள் அம்மா வந்து, அப்படி யாரையும் அனுப்பவில்லை என்றாள்.

துறைமுகத்து ஐயா செய்ததும் அந்த வேலையைத்தான். நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்: ஆத்தா வாயால் சொல்லட்டும். இந்தத் தடவை கதவுக்கு வெளியே நின்றவள் நான். இதை லெட்சுமிக்குச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"மேடத்துகிட்ட லீவு கேக்கணும், ஆயாம்மா. ரெண்டு வருசத்துல ஒரு நாளும் கேட்டதில்ல. குடுப்பாங்களான்னு தெரியல."

"கேளு" என்றாள் பிரியா, போனுக்குப் பக்கத்தில் வந்து. "எங்களுக்காக ஒரு தடவ கேளும்மா."

அடுத்த நாள் முழுக்கச் செய்தி இல்லை. பிள்ளைகளைக் கீரிமலைக் கேணிக்குக் கூட்டிப்போனேன். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்! மூன்றும் விரல் நுனி சுருங்கும் வரை ஏறவில்லை. திரும்பி வந்து வீட்டுக்கார அம்மாவின் குசினியில் நான் ரொட்டி தட்டினேன். "நாங்களும் ரொட்டி சுடுறனாங்கள்தான் அம்மா, ஆனா இவ்வளவு மொத்தமா இல்லை. இதை வச்சு வீடு கட்டலாம்" என்றார். சொல்லிவிட்டு மூன்று சாப்பிட்டார். பிரியா மட்டும் கொஞ்சமாகத் தின்றுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாள் பதினொரு மணி போல் போன் அடித்தது. லெட்சுமி தெருவில் நின்றாள். தலையில் வெயில். "மேடம் அவங்க காரிலயே அனுப்பி வெச்சாங்க ஆயாம்மா! 'ரெண்டு வருசமா ஏன் கேக்கல?'ன்னு எனக்குத்தான் ஏச்சு" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். தூதரகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். முத்திரையும் விழுந்துவிட்டது. தேனுகா வீட்டைச் சுற்றி இரண்டு தரம் ஓடினாள்.

அதற்கு மறுநாள் அதே மேசை, அதே ஐயா. இங்கிலீஷில் ஒரு கடதாசி வந்திருந்தது. கூடவே தமிழில் லெட்சுமி தன் கையால் எழுதியதும் இருந்தது. "பேத்தி வாசிக்கட்டும்" என்று அனுஷியாவிடம் நீட்டினார்.

"என் பிள்ளைகள் பிரியாவையும் தேனுகாவையும் பாக்கியம் ஆயாவோடு கப்பலில் அனுப்ப எனக்கு முழுச் சம்மதம். என்னையும் அவர்தான் வளர்த்தார். நான் அங்கே இல்லாத நாட்களில் என் பிள்ளைகள் அவர் கையில்தான் இருக்கிறார்கள். இதை நான் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்."

கீழே அவளுடைய கையெழுத்து. வெற்றிலைக்கொடி மாதிரி வளைந்து அழகாக இருந்தது.

நாற்பது வருடத்தில் எத்தனையோ தாய்மார் என்னிடம் பிள்ளையைக் கொடுத்தார்கள். ஒருத்தியும் இப்படி எழுதித் தந்ததில்லை. கடதாசி கேட்கிறார்களே என்று கோபப்பட்டவள், "ஐயா, அதுல எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். "கப்பல்ல நல்லா இருங்க அம்மா. பிள்ளைகள் பத்திரம்" என்றார். "நீங்க இந்தக் கதவப் பாத்துக்குங்க, அது நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

கப்பலில் ஒருவர் எங்களுக்கு இஞ்சி பிஸ்கட் தந்தார், பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார். "நம்ம குளிர விட்டுட்டு எங்க வந்து மாட்டினோம் பாத்தீங்களா உம்மா?" என்றார். பிஸ்கட் நல்ல நேரத்தில் வந்தது. தேனுகாவுக்கு வாந்தி வரும் என்று பை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் துள்ளிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொன்ன அனுஷியாதான் கடைசி வரை பைக்குள் முகம் வைத்திருந்தாள். இதை எழுதக்கூடாது என்கிறாள். எழுதத்தான் வேண்டும்.

நாகப்பட்டினத்து மேசையில் இருந்தவர், "யாரு பாட்டி இந்தப் பொண்ணுங்க?" என்று வாய் திறக்கும் முன்பே மூன்று கடதாசியையும் விரித்து வைத்தேன். அவர் படித்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா யாரும் கொண்டு வந்து காட்டுறதில்ல, பாட்டி" என்றார். அதன் கதை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அங்கே தேத்தண்ணி என்று ஒன்று கொடுக்கிறார்கள். சின்னக் கிளாஸ், முழுக்கப் பால், அதற்குமேல் சீனி. "தேயிலை எங்கப்பா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "உள்ளதான் இருக்கு பாட்டி, தேடிப் பாருங்க" என்றார். ஆனால் இலை போட்டு ஒரு சாப்பாடு வைத்தார்கள். அதில் குறை சொல்ல நாக்கு வரவில்லை.

சரசு தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். பேரனின் காது இரண்டும் குத்திச் சிவந்திருந்தது. "மூணு நாள் பிந்தி வந்திருக்கியே அக்கா. இத்தன வருசம் கழிச்சு ஒரு விசேசம், அதுக்கும் இல்ல. யாரோட புள்ளைங்களுக்காக?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அது என் குற்றம்தான், ஒளிக்காமல் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு என் பெருவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்த வெரலுக்குத்தான் முதல்ல குத்தியிருக்கணும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

ஊர் திரும்பி வந்து மூன்று பிள்ளைகளையும் அவரவர் வாசலில் ஒப்படைத்தேன். தேனுகா இப்போது பீலியடியில் கப்பலைப் பற்றிப் பேசுகிறாள். ஒவ்வொரு நாளும் கப்பல் ஒரு காம்பரா நீண்டுகொண்டே போகிறது. லெட்சுமிக்கு மாதம் ஒரு நாள் லீவு கிடைத்திருக்கிறது. அன்றைக்குப் பிரியா போனை யாருக்கும் தருவதில்லை.

நான் சொல்லச் சொல்ல அனுஷியா எழுதினாள். அடியில் என் பெயரைப் போட இடம் விட்டிருக்கிறாள். பேனா கையில்தான் இருக்கிறது. ஆனாலும் நான் சொன்னது ஒன்று, கடதாசியில் இருப்பது ஒன்றாக இருக்கக் கூடாது. தான் பைக்குள் முகம் வைத்திருந்த இடத்தை இவள் விட்டிருப்பாளோ என்று வேறு சந்தேகம்.

அனுஷியா, எங்கே, முதலிலிருந்து வாசி. அவசரப்படாதே. முழுக்கக் கேட்ட பிறகுதான் கையெழுத்து.